அத்தியாயம் 9: ஓடாத வண்டி குடித்த பெட்ரோல்

அப்பா இறந்து அறுபத்தெட்டு நாள். தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா இறந்தது வெளியூரில். வேலைக்காகப் போன இடத்தில், விடுதி அறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே. அந்த வாரம் தாத்தா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது, இப்போது எதுவும் சொல்ல வேண்டாம் என்றார் டாக்டர். காரியமெல்லாம் சித்தப்பா வீட்டிலேயே முடிந்தது. தாத்தா வீடு திரும்பியபோது கூடத்துச் சுவரில் அப்பாவின் படம்கூட இல்லை.

மறைப்பது கஷ்டமாக இல்லை. அதுதான் பாப்பாவுக்குப் பயமாக இருந்தது.

நாலு வருஷமாக அப்பாவும் தாத்தாவும் பேசிக்கொண்டதில்லை. தாத்தா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒருநாள் காரை வாசல் கேட் தூணில் இடித்துவிட்டார். அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்க, இனி நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று அப்பா அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். அன்றோடு சரி. ஒரே கூரை, ஒரே சமையல். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் காலெடுத்து வைக்கவில்லை. அதனால் இப்போது, மகன் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று தாத்தா கேட்கவும் இல்லை.

பாப்பா என்பது அவள் பெயரல்ல. இருபத்தாறு வயது, வேதியியல் பட்டம், குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா.

அவளுக்கு இப்போது ஒரே ஒரு பிரச்சினைதான் கையில் பிடிபடுகிற மாதிரி இருந்தது. அப்பாவின் கார் பெட்ரோல் குடித்தது.

அப்பா இருந்தவரை லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்த வண்டி. சனிக்கிழமைகளில் நீரேற்று நிலையங்களுக்குப் போய்ப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்து வர அவள் அதை ஓட்டுகிறாள். மற்ற நாளெல்லாம் அது ஷெட்டில் நிற்கும். இப்போது கணக்குப் பார்த்தால் ஒன்பதைத் தாண்டவில்லை. வயசான வண்டி, குடிக்க ஆரம்பித்தால் நிறுத்தாது, விற்றுவிடலாம் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கெடு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்குகிற ஆளோடு வருவார். அதற்குள் கோளாறைக் கண்டுபிடித்தால் வண்டியை வைத்துக்கொள்ளலாம்.

வண்டியை விட பாப்பாவுக்கு மனமில்லை. அப்பாவின் சட்டைகளை அம்மா கொடுத்துவிட்டாள். செருப்பையும் கொடுத்துவிட்டாள். கார் ஒன்றுதான் மிச்சம்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

காலை ஏழு மணிக்கு அவள் ஷெட்டில் குந்தியிருந்தாள். பக்கத்தில் சொட்டு அண்ணன்.

தெருக்கோடியில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர். எந்த வண்டி வந்தாலும் முதலில் குனிந்து எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பார். அதனால் அந்தப் பெயர். இந்த இரண்டு மாதத்தில் ஏர் ஃபில்டரை மாற்றினார், டயர்களில் காற்றுச் சரிபார்த்தார், பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரத்தை இழுக்கிறதா என்று ஜாக்கி போட்டுச் சுற்றிப் பார்த்தார். எதுவும் சரியாகாதபோது, உன் கால் கனம்மா, ஆக்ஸிலேட்டர் என்ன பாவம் பண்ணுச்சு என்றார்.

போன சனிக்கிழமை அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, டேங்கை நிரப்பி, நெடுஞ்சாலையில் ஓட்டித் திரும்ப நிரப்பினாள். பதினாலு வந்தது. அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

நாம் பார்க்கும்போது ஒழுங்காக இருக்கிறது. பார்க்காதபோதுதான் குடிக்கிறது. அன்று ராத்திரி அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

ஷெட்டுக்கும் தாத்தாவின் அறைக்கும் ஒரே சுவர். குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். சொட்டு அண்ணனுக்கு அது வராது. முயன்றால் டயரிலிருந்து காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தத்தில், இதெல்லாம் என்ன கோலம் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, வண்டி ஷெட்டில் நின்றபடியே, அவள் கேனிலிருந்து டேங்கைக் கழுத்துவரை நிரப்பினாள். நாலு டயரைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். ஒவ்வொரு டயரிலிருந்தும் தரைக்கு இறங்கும்படி இன்னொரு கோடு. சக்கரம் விரலளவு உருண்டாலும் டயரில் இருக்கும் பாதி தரையில் இருக்கும் பாதியை விட்டு விலகிவிடும். அடியில் பழைய செய்தித்தாள் விரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நாலு கோடும் அப்படியே இருந்தன. செய்தித்தாளில் ஒரு சொட்டு ஈரமில்லை. டிரைவர் கதவை ஒட்டிய டயரைச் சுற்றிய கோட்டில் மட்டும் ஒரு இடத்தில் சாக்பீஸ் அழிந்திருந்தது, வட்டமாக, ஒரு நாணயம் அளவுக்கு. பூனையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பரிசோதனைக் கூடத்தில் விளிம்பு உடைந்து ஒதுக்கிய அளவு ஜாடி ஒன்றை எடுத்து வந்திருந்தாள். கேனிலிருந்து அதில் பெட்ரோலை ஊற்றி, அதிலிருந்து டேங்குக்கு ஊற்றினாள். கழுத்துவரை வர முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது.

வண்டி நகரவில்லை. பெட்ரோல் போயிருந்தது.

"ஆவியா போயிருக்கும்மா."

"மூடி இறுக்கமா இருக்குண்ணே. இவ்வளவு ஆவியாகியிருந்தா உள்ள மூச்சுவிட முடியாது."

"அப்ப திருடன்."

"ரெண்டு நாள் காத்திருந்து முக்கால் லிட்டர் எடுக்கிறவனா?"

"கஞ்சத் திருடனா இருப்பான்," என்று சொல்லிவிட்டு அண்ணன் பானெட்டைத் தூக்கினார். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அவள் கண்ணுக்கு நேராகக் காட்டினார். இரண்டு வாரம் முன்புதான் துடைத்துப் போட்டது. இப்போது அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. விரலில் ஒட்டியது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வரும் கதவில் அம்மா நின்றாள். அண்ணனுக்கு வேறு வேலை இருக்குமே என்றாள். பாப்பாவுக்கு நேரமாகவில்லையா என்றாள். கண் கூடத்துக் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. அம்மா சமையலறைக்குத் திரும்பிய பிறகு ஒரு பாத்திரம் விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று.

பாப்பா கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்காரப் போனாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான். அவள் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள், பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தாழ்த்துவாள். அடுத்த சனிக்கிழமை சீட் பின்னால் போயிருக்கும். கண்ணாடி ஓர் உயரமான ஆளின் கண்ணுக்கு ஏறியிருக்கும். சொட்டு அண்ணன் வேலை பார்க்கும்போது தள்ளியிருப்பார் என்று நினைத்திருந்தாள்.

இப்போது கேட்டாள். நான் எதுக்கும்மா சீட்டைத் தொடப் போறேன் என்றார் அவர்.

இரண்டு பேரும் அந்தக் காலி சீட்டைப் பார்த்தார்கள். அண்ணன் ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

*

பிளக்கைப் பழையபடி மாட்டிவிட்டு அவர் கிளம்பினார். ஆபீஸ் வேன் போயிருக்கும், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பாப்பாவும் கூடவே நடந்தாள்.

 தெருக்கோடியில் ஒர்க் ஷாப் ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் அண்ணன் சொன்னார். டீ வேணுமான்னுகூட உங்கம்மா கேக்கலியே, என்ன ஆச்சு என்று ஆரம்பித்து, பிளக்குக்கு வந்தார்.

"ஓடுற வண்டியோட பிளக் செங்கல் நிறத்துல இருக்கும். இது நின்ன இடத்துல எரிஞ்ச வண்டி. சோக்கை இழுத்து, பெட்ரோலை அதிகமா விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறுறதுக்குள்ள நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி… ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. ரொம்ப நாளா."

"யாருண்ணே?"

"எனக்கு எப்படித் தெரியும்? சாவி எங்க இருக்கு?"

சாவி அப்பாவின் அலமாரியில் இருந்தது. அப்பா எப்போதும் வைக்கும் இடத்தில்.

அவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு இன்னும் நாலு வாசல் இருக்கும்போது ஷெட்டின் ஷட்டர் பாதி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு இன்ஜின். முதலில் இரண்டு இருமல், அப்புறம் உயரமாக ஒரு உறுமல்.

எட்டரை மணி. பள்ளிக்கூட நாட்களில் இந்தச் சத்தம் கேட்டால் அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அப்பா விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று. இப்போதும் கை தோள்பைக்குப் போயிற்று. கால் தானாக வேகமெடுத்தது. நாலு வாசலையும் அவள் ஓடித்தான் கடந்தாள்.

பாதித் திறந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தாள். டிரைவர் சீட் காலியாக இருந்தது. பக்கத்து சீட்டில் அம்மா.

கை இரண்டையும் மடியில் வைத்து, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கோ அழைத்துப் போகிறார்கள், போய்ச் சேரும்வரை பேச வேண்டியதில்லை என்பது போல. எதிரே இருந்தது சுவர்தான்.

பாப்பா அருகே போனாள். அம்மா அவளைப் பார்த்தாள், ஆனால் உடனே இன்ஜினை அணைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டினாள். பிறகு எட்டிச் சாவியைத் திருப்பினாள். சத்தம் சட்டென்று நின்றது.

"எத்தனை நாளா?"

அம்மா சுவர்ப் பக்கம் விரலைக் காட்டி, குரலைத் தாழ்த்தச் சொன்னாள்.

இருவரும் கேட்டுக்கு வெளியே போய் நின்றுதான் பேசினார்கள். தாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, பாப்பா வேனில் வேலைக்குப் போன பிறகு, அவர் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். ஒரே கேள்வி. இன்னிக்கு வண்டி போகலியா?

"மகனைக் கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன். வண்டியைத்தான் கேட்டார். என்ன சொல்றது? இப்பதான் கிளம்புறாங்க மாமான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு ஓடி வந்து…"

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டார்ட் செய்வது எப்படி என்று அப்பா ஒருமுறை விளையாட்டாகக் காட்டியிருந்தார். சோக்கை இழுக்க வேண்டும் என்பது தெரியும், திரும்பத் தள்ள வேண்டும் என்பது தெரியாது. காலையில் ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவாள். அப்பா போய்விட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி. அப்பா வந்துவிட்டார். பாப்பா ஏழு மணிக்குத்தான் வீடு வருவாள். சனிக்கிழமை பாப்பாவே வண்டியை எடுப்பதால் வேலையில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை.

கோளாறு கண்டுபிடித்தாயிற்று. தூரம் இல்லாமல் எரிந்த பெட்ரோல். விடை சரியாக வந்தால் அவளுக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம் வரும். இன்று வரவில்லை.

"புகைம்மா. மூடின இடத்துல இன்ஜினை ஓடவிடக் கூடாது. ஆளைக் கொன்னுடும்."

"அதான் ஷட்டரைப் பாதி தூக்கிடுறேனே."

"கீழ கோடு போட்டிருந்தேனே, பாக்கலியா?"

"எறும்புக்குப் போட்டிருக்கேன்னு நினைச்சேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது. சீட்டைப் பற்றிக் கேட்டாள். அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அவர் சீட்டை நான் தொடவே இல்ல. நீதான் அப்பா வச்சிருந்த மாதிரியே தள்ளி வைக்கிறேன்னு நினைச்சேன். அதைப் பாக்குறப்ப எனக்கு…" நிறுத்திக்கொண்டாள். "நீ இல்லியா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாப்பாவின் முழங்கையில் ரோமம் சிலிர்த்தது.

*

பாப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். சித்தப்பா பத்து மணிக்குப் போன் செய்தார். ஆள் நிச்சயம் வருகிறாராம். கோளாறு என்னவென்று கேட்டார். பாப்பா பிளக் என்றாள். ஒரு பிளக்குக்கா இந்தப் பாடு என்று சிரித்தார் அவர். கோளாறு தெரிந்தாலும் இந்த வண்டி இனி உங்களுக்கு எதற்கு, உங்கம்மா அதைப் பார்த்துப் பார்த்து உருகுகிறாள் என்றார். தாத்தாவிடம் யாராவது வாய் தவறிச் சொன்னால் அந்தப் பழி நம் எல்லோர் தலையிலும்தான் என்று வழக்கம்போல முடித்தார்.

அம்மா பக்கத்திலேயே நின்றாள். போனை வைத்ததும், வண்டி போயிட்டா திங்கட்கிழமை நான் என்ன பண்றது என்று கேட்டாள்.

 பாப்பாவுக்குக் காலையிலிருந்து வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சொன்னாள்.

"தாத்தா டிரைவர்ம்மா. நின்ன இடத்துல ஓடுற இன்ஜினுக்கும் கிளம்பிப் போற இன்ஜினுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?"

அம்மாவின் முகம் வெளுத்தது. ஒரு நாளும் கேட்கவில்லையே என்றாள். வயசாகிவிட்டது, மாத்திரை மயக்கம் என்றாள். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தேகப்பட்டிருப்பாரோ என்று மூன்று முறை கேட்டாள்.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் பாப்பா ஒரு யோசனை சொன்னாள். இன்று ஒரு நாளாவது ஒழுங்காகச் செய்வோம். வண்டி நிஜமாகவே வெளியிலிருந்து வரட்டும். தாத்தாவுக்குச் சந்தேகம் இருந்தால் அதோடு போய்விடும்.

ஆனால் தாத்தாவின் கணக்கில் காலை எட்டரைக்கே அது 'போய்விட்டது'. திரும்பி வர வேண்டுமானால், முதலில் சத்தமில்லாமல் வெளியே போக வேண்டும்.

மத்தியானம் இரண்டரை. தாத்தாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. ஷட்டருக்கு எண்ணெய் விட்டு மெதுவாகத் தூக்கினார்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, பாப்பா கதவோரமாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அம்மாவும் சொட்டு அண்ணனும் முன்னாலிருந்து தள்ளினார்கள். வாசல் மேட்டில் வண்டி நின்று யோசித்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும், தன் காற்றுப்போன குரலில் சொன்னார்: "நல்லா ஓடுற வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போற குடும்பத்தை இன்னிக்குதான் பாக்குறேன்."

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர. அறுபத்தெட்டு நாளில் முதல் முறை.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். ஷெட் காலியாக இருந்தது. தரையில் டயர்கள் இருந்த இடத்தைச் சுற்றி நாலு வெள்ளைக் கோடுகள் மட்டும். எதுவோ படுத்திருந்து எழுந்து போன மாதிரி.

*

ஒர்க் ஷாப்பில் சொட்டு அண்ணன் புதுப் பிளக்குகள் போட்டார். ஐந்தே முக்காலுக்கு அவள் ஸ்டார்ட் செய்தாள். அப்பா வருகிற வழியிலேயே வர வேண்டும் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு, பாலம் ஏறி, பள்ளிக்கூடத்துப் பக்கமாகத் தெருவுக்குள் திரும்பினாள். வளைவில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. கேட்டைத் தாண்டி, ஷெட்டுக்குள், சாக்பீஸ் கோடுகளுக்குள் டயர்கள் அனேகமாகச் சரியாகப் போய் நின்றன.

இன்ஜினை அணைத்தாள். அம்மா கதவில் நின்று தலையசைத்தாள். நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

சாயங்கால மாத்திரையைப் பாப்பாதான் எடுத்துப் போனாள்.

தாத்தா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்திருந்தது. கழுத்தில் ஓர் இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. சலவைச் சட்டை போட்டிருந்தார். அவரால் அலமாரிவரை போக முடியாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு இரண்டடி, அதுவும் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு சனிக்கிழமையா?"

"வெள்ளி தாத்தா."

"வெள்ளிக்கிழமை வண்டி வராதே."

தினமும் வருகிறதே என்றாள் பாப்பா. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"சனிக்கிழமை போகும், வரும். மத்த நாள் ஸ்டார்ட் ஆகும், நிக்கும். போற வண்டியோட சத்தம் தேஞ்சு தேஞ்சு போகும் பாப்பா. நிக்கிற வண்டியோட சத்தம் கத்திரிச்ச மாதிரி அறுந்துடும்." மாத்திரையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். "இன்னிக்கு வந்தது நீ. வளைவுல க்ளட்சை வெடுக்குன்னு விட்டியே. எத்தனை தடவ சொல்றது?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பார்வை தாழ்ந்தது. கட்டிலோரம் நின்ற வாக்கரின் கால்களில் ஒன்றின் ரப்பர் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. வட்டமாக, நாணயம் அளவுக்கு.

சாக்பீஸ்.

"முட்டி இடிக்குது," என்றார் தாத்தா, அவள் பார்வையைப் பார்த்து. "நீ குள்ளம். சீட்டை முன்னால இழுத்துப் போட்டுட்டுப் போயிடுற. மத்தியானம் உங்கம்மா தூங்குற நேரத்துல போவேன். சாவி இல்ல. சும்மா உக்காந்திருப்பேன்."

"எப்பத்திலேர்ந்து தாத்தா?"

"வீட்டுக்கு வந்த மறுநாள் வண்டி போகலியான்னு கேட்டேன். உங்கம்மா ஓடினா. இன்ஜின் கேட்டுச்சு. அவன் சோக்கை ரெண்டு நிமிஷம்கூட இழுத்து வைக்க மாட்டான். இது இழுத்தபடியே கத்திக்கிட்டிருந்தது. அப்புறம் அறுந்துச்சு. ஊருக்குப் போனவனா இருந்தா உங்கம்மா சொல்லியிருப்பா. அப்பவே…"

சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சூடான இன்ஜின் ஆறிக்கொண்டு டிக் டிக்கென்றது.

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"எனக்காகன்னு தினம் ரெண்டு வேளை போய் உக்காருறா. எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, மறுநாள் எட்டரை மணிக்கு அவ எங்க போய் உக்காருவா?"

 தாத்தா வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல ஆரம்பித்தார்.

"இன்னிக்கும் போனேன். வண்டி இல்ல. கிளம்பின சத்தமே கேக்கல. தரையில நாலு கோடுதான் கிடந்துச்சு. இத்தனை நாளா தெரிஞ்ச விஷயம், பாப்பா. ஆனாலும் அவன்தான் எடுத்துட்டுப் போயிருக்கான்னு நினைச்சுட்டேன்." சட்டைப் பொத்தானைத் தடவினார். "சாயங்காலம் வரட்டும், நாமளே பேசிடுவோம்னு வந்து சவரம் பண்ணிக்கிட்டேன்."

பிறகு சொன்னார்: "ஆறு மணிக்கு வண்டி வந்துச்சு. அப்புறம் க்ளட்ச் சத்தம் கேட்டுச்சு."

பாப்பா அவர் கையைப் பிடித்தாள். நாம் சத்தமில்லாமல் தள்ளிய வண்டி இது. கடைசியில் எங்கே வந்து இடித்திருக்கிறது.

வாசல் நிலையில் ஏதோ அசைந்தது. அம்மா. கையில் தண்ணீர் டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. டம்ளரிலிருந்து தண்ணீர் அவள் கால் மேல் சிந்திக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

வெளியே சித்தப்பாவின் பைக் வந்து நின்றது. கூடவே இன்னொரு ஆளின் குரல். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டது அந்தக் குரல். கேட் தாழ்ப்பாளை யாரோ தூக்கினார்கள். அறையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"உள்ள வாம்மா," என்றார் தாத்தா.

அம்மா வரவில்லை. அப்படியே நின்றாள். மாமா, அவங்க இப்பதான் வந்தாங்க, கை கால் கழுவப் போயிருக்காங்க என்று ஆரம்பித்தாள். வழக்கமாகச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். பாதியில் குரல் நின்றுவிட்டது.

தாத்தா கட்டிலில் சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார். அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

"நாளைலேர்ந்து எட்டரை மணிக்கு இங்க வந்து உக்காரு," என்றார். "என் பையன் செத்துட்டாம்மா."